பேவர் பிளாக் போடப் போகிறவர்களுக்கு

வாசலுக்கும் கொல்லைக்கும் இந்த ஆண்டு தளம் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருக்கும் அன்பர்களுக்கு,

மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. களை பிடுங்க ஆள் கிடைப்பதில்லை. பூரான் வருகிறது, பாம்பு வருமோ என்ற பயம் வேறு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்ற கவலையும் உண்டு. உங்கள் காரணங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையும் குறை சொல்ல நான் வரவில்லை. கல் பதிக்கப்போகும் அந்த மண்ணை நம்பிப் பிழைக்கும் ஓர் உயிரைப் பற்றி, வேலை தொடங்கும் முன்பே உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அது சிலந்தியை வேட்டையாடும் குளவி.

குளவி என்றதும் நிலைப்படியிலும் ஜன்னல் மூலையிலும் மண் கூடு கட்டுகிறதே, அதுதான் பலருக்கு நினைவு வரும். இன்னும் சிலருக்குப் பனைமரத்தில் கூட்டமாக இருந்து துரத்தித் துரத்திக் கொட்டும் கதண்டு நினைவு வரும். நான் சொல்வது இரண்டையும் அல்ல. நிலைப்படியில் மண் கூடு கட்டுவதும் சிலந்தியைத்தான் கொண்டுவந்து அடைக்கிறது. ஆனால் அது சின்னச் சின்னச் சிலந்திகளாகப் பிடித்து ஓர் அறைக்குள் பலவற்றைத் திணிக்கும். நான் சொல்லும் குளவிக்கு ஒரு முட்டைக்கு ஒரே ஒரு சிலந்தி. அதனால் பெரிதாகப் பார்த்துப் பிடித்தாக வேண்டும். பாம்பிலிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,000 இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் சிலந்தியை நம்பியே பிள்ளை வளர்க்கின்றன. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, காவல் கிடையாது. ஒவ்வொருத்தியும் தனியாள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒல்லியான உடல், கறுப்பு அல்லது கருநீலம், உடலுக்குப் பொருந்தாத நீளக் கால்கள். தரையில் ஓடிக்கொண்டே இருப்பாள். ஓடும்போது சிறகைச் சட்சட்டென்று உதறுவாள். முன்னால் நீட்டிய இரண்டு உணர்கொம்புகளும் ஓயாமல் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். சருகுக்கு அடியில் நுழைவாள், செங்கல் இடுக்கில் நுழைவாள், பூந்தொட்டிக்குப் பின்னால் போய் மறுபக்கம் வருவாள், சற்றே பறந்து இறங்கி மறுபடியும் ஓடுவாள். கொல்லைப்புறத்தில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்னவோ பூச்சி என்று விட்டிருப்பீர்கள்.

‘அவள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண் குளவி வேட்டைக்குப் போவதில்லை. அதற்குக் கொடுக்கே கிடையாது. முட்டையிடும் உறுப்பு மாறித்தான் கொடுக்கானது என்பதால் பெண்ணுக்கு மட்டுமே அது வாய்த்திருக்கிறது. வேட்டையாடுகிறவளும் பிடித்த சிலந்தியை உண்பதில்லை. அவளுக்குப் பூந்தேன் போதும். இறைச்சி முழுக்கப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையை அவள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேட்டையைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். நம் வீடுகளில் காலண்டருக்குப் பின்னால், பீரோ இடுக்கில், கழிவறைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பழுப்புச் சிலந்தி உங்களுக்குத் தெரியும். வலை கட்டாது, இரவில் கரப்பான் பிடிக்கும். பெண் சிலந்தி வெள்ளையான தட்டை முட்டைப்பையை நெஞ்சுக்கு அடியில் அணைத்துக்கொண்டு திரியும். எட்டுக்கால் பூச்சி என்று நாம் விளக்குமாற்றை எடுப்பது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். அறிவியலில் ஹெட்டிரோபோடா வெனடோரியா என்பார்கள். இதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது: டாக்கிபாம்பிலஸ் அனாலிஸ். கறுத்த உடல், வயிற்றின் பின்பகுதி மட்டும் துருச் சிவப்பு, கரும்புகை நிறச் சிறகு. வெப்ப ஆசியா முழுக்க, வடக்கே ஜப்பான் வரை இருக்கிறாள்.

எங்கள் வீட்டுத் துவைகல்லுக்கு அடியில் இருந்து ஒருநாள் பகலில் அந்தச் சிலந்தி வெளியே பாய்ந்து ஓடியது. பகலில் அது ஓடவே ஓடாது. பின்னாலேயே இவள். சிலந்தி நின்றது. முன்கால்கள் இரண்டையும் தூக்கி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பல்லை விரித்துக் காட்டியது. இவள் நேராகப் போகவில்லை. இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் ஓடி, சிலந்தியைத் திரும்பித் திரும்பி நிற்கவைத்தாள். திரும்புவதில் அது ஒரு கணம் பிந்தியது. அந்தக் கணத்தில் அடியில் புகுந்தாள். இரண்டும் ஒன்றாய் உருண்டன. அவளுடைய வயிறு முன்னோக்கி வளைந்து சிலந்தியின் நெஞ்சுக்கு அடியில் பதிந்தது மட்டும் தெரிந்தது. பிறகு விலகிவிட்டாள். சிலந்தியின் கால்கள் நடுங்கி, மெல்ல உள்ளே மடங்கின. இவளோ சற்றுத் தள்ளி நின்று முன்கால்களால் முகத்தையும் உணர்கொம்பையும் துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் துடைத்த பிறகே திரும்பி வந்து சிலந்தியைத் தொட்டுப் பார்த்தாள். மீண்டும் ஒருமுறை தொட்டாள். அது அசையவில்லை.

குத்திய இடம் தற்செயல் அல்ல. பூச்சிகளுக்கு நரம்பு முடிச்சுகள் உடல் நெடுக வரிசையாக இருக்கும். சிலந்திக்கு அப்படி இல்லை. தலையும் நெஞ்சும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்பாகத்துக்குள் எல்லா முடிச்சும் ஒரே திரளாகக் குவிந்திருக்கின்றன. மேலே ஓடு கெட்டியானது. கீழே, கால்கள் முளைக்கும் இடத்தைச் சுற்றியும் வாயை ஒட்டியும் மெல்லிய தோல்தான். அங்கே ஒரு குத்து விழுந்தால் எட்டுக் காலும் அடங்கிவிடும். தென் பிரான்சில் செரிஞான் என்ற சிற்றூரில் வறண்ட நிலம் ஒன்றை வாங்கி, மீதி ஆயுளைப் பூச்சிகளோடு கழித்த ஃபாபர் என்ற பள்ளி ஆசிரியர் இதை உற்றுப் பார்த்து எழுதியவர்களில் முதன்மையானவர். வலை கட்டும் பெரிய சிலந்தியையும் குளவியையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார். குளவி முதல் குத்தைச் சிலந்தியின் வாய்க்குள் இறக்கியது. நச்சுப் பற்கள் செயலற்றன. இனிக் கடிக்காது என்று ஆன பிறகு இரண்டாம் குத்தை நெஞ்சுக்கடியில், நான்காம் காலை ஒட்டி இறக்கியது. எல்லா இனமும் இந்த வரிசையில் போவதில்லை, ஒரே குத்தில் முடிப்பவையும் உண்டு. ஆனால் முதலில் ஆயுதத்தைப் பறி, பிறகு ஆளைக் கட்டு என்ற அந்த ஒழுங்கைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. யாரும் சொல்லித்தராமல், ஒத்திகை பார்க்காமல், முதல் வேட்டையிலேயே அதைச் செய்தாக வேண்டியவள் அவள். தவறினால் அவள் இரை.

அந்த நஞ்சில் என்ன இருக்கிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு சிலந்திக்குளவி இனங்களின் நஞ்சிலிருந்து அவர்கள் எடுத்த பொருள்களை 1998-இல் வெளியிட்டார்கள். பாம்பிலிடோடாக்சின் என்று பெயர். 13 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, அவ்வளவுதான். நரம்பில் சேதி போவதற்குச் சோடிய வாயில்கள் திறந்து உடனே மூட வேண்டும். இந்தப் பொருள் அவை மூடுவதைத் தாமதமாக்குகிறது. நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் அந்த வாயில்களைப் பற்றி அறிய இதையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சிலந்தி சாகவில்லை. இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. செத்த சிலந்தி நம் ஊர் வெயிலில் சில நாளில் அழுகும், அல்லது காய்ந்து சருகாகும். அதை வைத்துப் பிள்ளை வளர்க்க முடியாது. அதனால்தான் கொல்லாமல் முடக்குகிறாள். குத்துப்பட்டும் முட்டையிடப்படாமல் தப்பிய பெரிய சிலந்திகள் வாரக்கணக்கில் அப்படியே உயிரோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வேறு சில இனங்களில் முடக்கமே தற்காலிகம். ஓநாய்ச் சிலந்தியைக் குத்தி மினாஜெனியா இனத்துக் குளவி முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். சற்று நேரத்தில் சிலந்தி எழுந்து நடக்கும், இரை பிடிக்கும், தன் வழக்கப்படி வாழும். வயிற்றில் ஒட்டிய புழுவும் அதோடு வளரும். அந்தக் குளவிக்குக் குழி தோண்டும் வேலையே இல்லை.

அமெரிக்கப் பாலைநிலங்களில் கையகலச் சிலந்திகளை வேட்டையாடும் பெப்சிஸ் குளவியைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்துச் சிலந்தி ஆய்வாளர் அலெக்சாண்டர் பெட்ருன்கேவிச் 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். குளவி சிலந்தியின் அடியில் நுழைந்து, இது தனக்கு வேண்டிய இனம்தானா என்று தடவித் தடவிப் பார்க்கிறது. சிலந்தி கால்களை நீட்டி உயர்ந்து நின்று இடம் கொடுக்கிறது. அருகிலேயே குளவி குழி தோண்டுகிறது, இடையிடையே தலையை நீட்டிச் சிலந்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. சிலந்தி ஓடுவதில்லை. வேறெந்தப் பூச்சி தொட்டாலும் அடித்துத் தின்கிற உயிர் அது. இவளிடம் மட்டும் ஏன் இப்படி நிற்கிறது என்று அவரே வியந்திருக்கிறார்.

இனி, பிடித்ததைக் கொண்டுசேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் வேட்டையைவிட இதுவே பெரிய பாடு. சிலந்தி பெரும்பாலும் அவளைவிடக் கனம், பல சமயம் பல மடங்கு. தூக்கிப் பறக்க முடியாது. காலின் அடியையோ தாடையையோ கவ்விக்கொண்டு, கனத்த மூட்டையை இழுக்கும் சுமைதூக்கி போலப் பின்னோக்கியே நடக்கிறாள். துவைகல்லடியில் பிடித்தவளும் அப்படித்தான் இழுத்தாள். காய்ந்த தென்னம் ஈர்க்கு குறுக்கே கிடந்தது. சிலந்தியின் கால்கள் அதில் மாட்டிக்கொண்டன. பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வேறொரு காலைக் கவ்வித் திருப்பி எடுத்தாள். சுவரடிக்கு வந்ததும் செங்குத்தாக ஏறத் தொடங்கினாள். பாதிச் சுவரில் சிலந்தி நழுவிக் கீழே விழுந்தது. இறங்கி வந்து தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் ஏறினாள்.

பின்னோக்கி நடப்பவளுக்கு வழி எப்படித் தெரியும்? சிலந்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் வழியைப் பார்க்கிறாள், திரும்பி வந்து கொஞ்சம் இழுக்கிறாள், மறுபடி ஓடிப் பார்க்கிறாள். சுற்றிலும் உள்ள கல், செடி, நிழல் எல்லாம் அவள் நினைவில் பதிகின்றன. வைத்துவிட்டுப் போகும்போது தரையில் வைத்தால் எறும்பு வந்துவிடும். ஆகவே பல இனங்கள் சிலந்தியைப் புல்லின் கவையிலோ செடியின் கிளைப்பிரிவிலோ மாட்டிவைத்துவிட்டுப் போகின்றன. பெரும்பாலான சிலந்திக்குளவிகள் முதலில் வேட்டையை முடித்து, பிறகுதான் குழி தோண்ட இடம் பார்க்கின்றன. தோண்டிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே ஓடிவந்து சிலந்தி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கும் பதைப்பு வரும்.

சுமையைச் சமாளிக்க ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஆப்லோபஸ் இனத்தவள் சிலந்தியின் கால்களைக் கடித்து நறுக்கிவிடுகிறாள். வெறும் உடல்தான் மிச்சம். அதைத் தன் கால்களுக்கு இடையில் வைத்து, நூல் சுரக்கும் நுனியைக் கவ்விக்கொண்டு முன்னோக்கியே நடக்கலாம். இவள் குழி தோண்டுவதும் இல்லை. ஈர மண்ணைக் குழைத்துச் சின்னச் சின்ன மண் சிமிழ்கள் செய்து, சிமிழுக்கு ஒன்றாக வைக்கிறாள். வட அமெரிக்காவில் அனோப்லியஸ் டிப்ரெசிப்ஸ் என்றொருத்தி நீரில் வாழும் மீன்பிடிச் சிலந்தியைத் தேடி நீருக்கடியிலேயே இறங்குகிறாள். பிடித்த பின் நீர்ப்பரப்பின் மேலேயே இழுத்துக்கொண்டு கரைசேர்கிறாள்.

நம் கொல்லையின் மண்ணில் நடப்பதற்கு வருவோம். தோண்டுகிற இனங்களுக்கு முன்காலில் முள்வரிசை உண்டு. மண்ணை அதனால் கிளறி, வயிற்றுக்கு அடியில் பின்னால் வீசுகிறாள். வளை நீளமானதல்ல. முடிவில் ஒரே ஒரு சிற்றறை. வாசலில் சிலந்தியை வைத்துவிட்டுத் தான் முதலில் உள்ளே இறங்கி, உள்ளிருந்தபடி அதை இழுத்துக்கொள்கிறாள். சிலந்தியின் வயிற்றில் ஒரே ஒரு முட்டை. வெளியே வந்ததும் மூடும் வேலை. மண்ணைக் கொஞ்சம் தள்ளுவாள், திரும்பி நின்று வயிற்றின் நுனியால் டக்டக்கென்று குத்திக் கெட்டிப்படுத்துவாள். மறுபடி மண், மறுபடி குத்து. கடைசியில் சருகோ கல்லோ இழுத்துப் போட்டு, இங்கே ஒருவர் தோண்டிய தடமே தெரியாமல் செய்துவிட்டுப் போகிறாள். சில நாளில் முட்டை பொரியும். புழு முதலில் உடல் சாற்றை உறிஞ்சும். பிறகு சதை. இதயமும் நரம்பும் போன்ற உயிர்நிலைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். முடிவுவரை உணவு கெடாமல் இருக்க அது ஒன்றே வழி. தின்று முடித்ததும் பட்டுக்கூடு நெய்து உள்ளே அடங்கும். குளவியாகித் தன் வழியைத் தானே தோண்டி மேலே வரும்.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு வருவதில்லை. பிடித்த சிலந்தி அத்தனையும் பிள்ளைக்குப் போய்ச்சேர்வதில்லை, சில இடையிலேயே பறிபோகின்றன என்று அறிந்தபோது என் மனம் முழுக்க அவள் பக்கம் போய்விட்டது. செரோபேலஸ் என்ற குளவி தானாக வேட்டையாடாது. இன்னொருத்தி சிலந்தியை இழுத்துப் போகும்போது பின்தொடர்ந்து, அந்தச் சிலந்தியின் மூச்சுத் துளைக்குள் தன் முட்டையைச் சொருகிவிட்டு ஓடிவிடும். எவாஜெட்டஸ் மூடிய வளையைத் தோண்டி, இருக்கும் முட்டையைத் தின்றுவிட்டுத் தன்னுடையதை வைக்கும். சாம்பல் நிறச் சிறு ஈக்கள் பின்னாலேயே வந்து தம் புழுக்களைச் சிலந்திமேல் போட்டுவிடும். எறும்புகளைச் சொல்லவே வேண்டாம். சீனத்தின் தென்கிழக்கில் குட்டியான்ஷான் காட்டில் கண்டுபிடித்து 2014-இல் பெயரிட்ட ஓர் இனம் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. தண்டின் துளைக்குள் அறை அறையாகச் சிலந்தி வைத்து மூடியபின், வாசலை ஒட்டிய கடைசி அறையில் செத்த எறும்புகளை அடைக்கிறது. எறும்பு வாடைக்கு எதிரிகள் அண்டுவதில்லை என்று கருதுகிறார்கள். மற்ற குளவிகளின் கூடுகளைவிட இதன் கூட்டில் ஒட்டுண்ணித் தொல்லை குறைவாகவே இருந்தது.

சிலந்தியும் சும்மா இருப்பதில்லை. நமீப் பாலைவன மணல்மேட்டில் வாழும் ஒரு சிலந்தி குளவியைக் கண்டால் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை மடக்கி, சரிவில் சக்கரமாய் உருண்டு தப்பிக்கிறது. நொடிக்கு 44 சுற்று வரை அளந்திருக்கிறார்கள். வளைக்குள் இருந்தால் குளவி விடாமல் தோண்டும். ஒரு சிலந்திக்காக மணலை அள்ளி அள்ளி எறியும்.

நம்மவர்களும் குளவியைப் பார்க்காமல் இருந்ததில்லை. புழுவைக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். குரு சீடனைத் தன்னைப் போலவே ஆக்குவதற்குச் சைவ சித்தாந்தத்திலும் வேதாந்தத்திலும் இந்த உவமையைக் கையாண்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உயிருள்ள ஒன்றைக் குளவி உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தார்கள், கொட்டியதைப் பார்த்தார்கள், அடைத்ததைப் பார்த்தார்கள், கொஞ்ச நாள் கழித்து அதே இடத்திலிருந்து குளவி வந்ததையும் பார்த்தார்கள். நான்கும் உண்மை. இருட்டறைக்குள் நடந்தது மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை. அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு மதிப்பாக இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் குளவிக் கூட்டை உடைக்கக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ஜன்னலில் கட்டிய எத்தனையோ கூடுகளை அந்த நம்பிக்கைதான் காப்பாற்றியிருக்கும்.

மண்ணுக்குள் கூடு வைப்பவளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூடு இருப்பதே நமக்குத் தெரியாது. தடம் மறைப்பதில் அவள் அத்தனை கைகாரி. தளம் போடும்போது களையோடு மேல்மண்ணை வழித்து எடுக்கிறோம், ஜல்லித்தூளைப் பரப்பி எந்திரத்தால் அடித்து இறுக்குகிறோம், மேலே கல்லை நெருக்கிப் பதிக்கிறோம். உள்ளே பட்டுக்கூட்டில் இருப்பவை மேலே வர வழியில்லை. வெளியே இருப்பவளுக்குத் தோண்ட இடமில்லை. கல்லிடுக்கில் வெறும் மணல் நிரப்பினால் சின்ன இனங்கள் சில அதிலேயே தோண்டிப் பிழைத்துக்கொள்ளும். இடுக்கையும் சிமெண்ட் வைத்துப் பூசினால் அதுவும் போச்சு. ஒரு வீடு இப்படிச் செய்தால் பக்கத்து மனைக்குப் போவாள். இப்போது தெருவே இப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது, எங்கள் தெரு உட்பட. எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கல்லுக்குச் செலவழிக்கும் நாம் எதை மூடுகிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்ப்பதில்லை.

கொட்டிவிடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொட்டினால் வலிக்கும். பூச்சிக் கொட்டுகளின் வலிக்கு 1 முதல் 4 வரை அளவுகோல் வகுத்த அமெரிக்கர் ஜஸ்டின் ஷ்மிட், பெப்சிஸ் குளவிக்கு உச்சமான 4-ஐக் கொடுத்தார். ஆனால் அந்த வலி சில நிமிடங்களில் அடங்கிவிடுவது என்றும் அவரே பதிவுசெய்திருக்கிறார். அதே குளவியை நியூ மெக்சிகோ மாநிலம் 1989-இல் தன் மாநிலப் பூச்சியாக ஏற்றுக்கொண்டது. நம் கொல்லையில் திரிபவர்களுக்குக் காக்கக் கூட்டமோ தேனடையோ இல்லை. ஆகையால் கதண்டைப் போலத் துரத்த மாட்டார்கள். கையால் பிடித்தால் கொட்டுவாள், வெறுங்காலில் மிதித்தால் கொட்டுவாள். கிட்டே போய் நின்று பார்த்தால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவாள். எந்தக் கொட்டாக இருந்தாலும் மூச்சுத் திணறலோ உடம்பெங்கும் தடிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தேனீக்கும் பொருந்தும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சுற்றுச்சுவரை ஒட்டி, வெயில் விழும் பக்கமாக, இரண்டடி அகலத்துக்கு மண்ணை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். நீளம் உங்கள் மனையைப் பொறுத்தது. மேஸ்திரி அரைகுறையாகத் தெரியும் என்பார். ஓரக்கல் பதித்து முடித்துத் தரச் சொன்னால் பாத்தி போல நேர்த்தியாகவே இருக்கும், சதுர அடிக் கணக்கில் செலவும் குறையும். மழைத் தண்ணீர் இறங்கவும் அது உதவும். ஆனால் அதைப் பாத்தியாக்கித் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அவளுக்கு வேண்டியது காய்ந்த, வெறும் மண். பூந்தொட்டிகளை அங்கே வரிசையாக அடுக்கத் தோன்றும், வேறு பக்கம் அடுக்குங்கள். சுவரடியில் எறும்புப் பொடியும் மருந்தும் போடும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டுமாவது விட்டுவிடுங்கள். தொட்டியில் கொத்தமல்லி விதைக்கிறவர்கள் சமையலுக்குப் பறித்தது போக நாலு செடியைப் பூக்க விடுங்கள். நீளமான நாக்கு இல்லாத இந்தக் குளவிகளுக்கு அந்த மாதிரிச் சின்னப் பூவில்தான் தேன் எட்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவள் சிலந்தியை இழுத்துப் போகும்போது கூப்பிட்டுக் காட்டுங்கள். நிழல் அவள்மேல் விழாதபடி நாலைந்து அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். உதவுவதாக நினைத்துக் குச்சியால் தள்ளிவிட வேண்டாம், அவள் பார்த்துவைத்த வழி குழம்பிவிடும். சிலந்தியைச் செடியிலோ சுவரோரத்திலோ விட்டுவிட்டு அவள் காணாமல் போனால், செத்த பூச்சி என்று பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். குழி தோண்டத்தான் போயிருப்பாள். வாசல் பெருக்க வருகிறவரிடமும் இதை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
மண் தரை மிச்சம் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காரர்